மலட்டெருமை என்று யார் சொன்னது?

மட்டக்களப்புத் தயிரைப் புகழ்ந்து எழுதாத தமிழ்ப் பத்திரிகையாளர் நம் நாட்டில் அரிது. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தயிருக்குப் பால் தரும் எருமையின் கருப்பையைப் பற்றி, முப்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்வில் ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். அச்செய்தியிலிருந்து ‘கருப்பை’ என்ற சொல்லை ஆசிரியபீடத்தில் வெட்டிவிட்டார்கள். காலையில் வீட்டுக்கு வரும் பத்திரிகைக்கு அது அழகல்லவாம். எஞ்சியது நாலு வரி.

அந்த நாலு வரிக்குப் பின்னால் இருந்த கதை இது. படுவான்கரையில் ஒரு பட்டியில் ஒரே பருவத்தில் ஏழு எருமைகள் குறைக்கன்று போட்டன. கண்ணூறு என்றார் பட்டிக்காரர். மூன்றை இறைச்சிக்குக் கொடுத்தார். நாலை, நடந்ததைச் சொல்லாமல், வேறொரு பட்டிக்கு விற்றார். செத்த கன்றுகளை வெறுங்கையால் இழுத்துப் போட்ட மேய்ச்சற் பையனுக்கு வாரக்கணக்கில் ஏறி இறங்கும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி. மலேரியா என்று நினைத்தே மருந்து கொடுத்தார்கள். குருதிப் பரிசோதனை வெகுகாலம் கழித்துச் சொன்ன பெயர் புருசெல்லோசிஸ்.

இது புதிய நோயன்று. மால்ட்டாத் தீவில் பிரித்தானியப் படையினர் காய்ச்சலில் மடிந்தபோது, டேவிட் புரூஸ் 1887 இல் இக்கிருமியைக் கண்டார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்பதை 1905 இல் தெமிஸ்தொக்கிளிஸ் சாமித் காட்டினார். படையினருக்குப் பச்சைப்பால் நிறுத்தப்பட்டது, காய்ச்சலும் குறைந்தது. சிப்பாய் செத்தால் சாம்ராச்சியம் விழித்துக்கொள்ளும். மேய்ச்சற்காரன் செத்தால்?

பட்டிக்காரர் அறியாத, அறிவிக்கப்படாத ஓர் உண்மை உண்டு. இந்நோய் கண்ட எருமை பெரும்பாலும் ஒருமுறைதான் கன்று போடும். பின்னர் ஒழுங்காக ஈனும். ஆனால் கிருமியைக் காவிக்கொண்டே இருக்கும். ஈனும்போது வெளிப்படும் நீரிலும் இளங்கொடியிலும் பாலிலும் அது கொட்டும். ஆகவே கன்று போட்ட எருமையை அடுத்த பட்டிக்கு விற்பது நோயை விற்பதேயாகும். (தயிர்ப் பிரியர்கள் அஞ்ச வேண்டாம், பாலை நன்கு காய்ச்சினால் கிருமி சாகும்.)

எல்லாம் புருசெல்லாவும் அல்ல. இளங்கொடி விழாத எருமைக்குக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும், கையை விட்டுப் பிடுங்குவதும் இன்னும் நடக்கின்றன. கருப்பை கிழிந்து, அழுகி, சீழ் வைக்கிறது. பிறகு சினைப்படாவிட்டால் அதற்குப் பெயர் மலடு! விழுந்த இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் நம்மவர் வழக்கத்தை நான் பழிக்கமாட்டேன். நாய்க்கு எட்டாமல் வைத்தார்கள். கட்டிய கைக்குத்தான் காப்பில்லை. எருமை வேட்கைக்கு வருவதோ பெரும்பாலும் இரவில், அதுவும் சத்தமில்லாமல். உறங்கிப்போன மனிதனின் தவறும் எருமையின் தலையில்தான் விழுகிறது. பெண்ணை மலடி என்று தள்ளிவைத்த சமூகத்துக்கு எருமை எம்மாத்திரம்?

2017 இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான பசுக்களைக் கப்பலில் இறக்க அரசுக்கு மனமிருந்தது. அத்திட்டம் நோயும் சாவுமாகச் சீரழிந்த கதை வெளிநாட்டு ஊடகங்களிலும் வந்தது. இங்கேயே பிறந்து, இந்த வெயிலையும் சேற்றையும் தாங்கும் எருமைக்கு வாசலுக்கு வரும் மிருக வைத்தியர் இல்லை. பெண் கன்றுக்கு நாலு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரு தடுப்பூசி. கன்று போட்ட மாட்டுக்குக் குருதிப் பரிசோதனை. நோயுள்ளதை அகற்றினால் கையில் நட்டஈடு. நான் கேட்பது இவ்வளவே. நட்டஈடு கிடைக்குமென்ற நம்பிக்கை இல்லாமல் எந்தப் பட்டிக்காரர் வாய் திறப்பார்? அவரைக் குற்றவாளியாக்கிவிட்டு நாம் கைகழுவ முடியாது.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அமர்ந்தபோது நம் தலைவர்கள் அனைவரும் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். தரை வேண்டும், மறுக்கவில்லை. அத்தரையில் மேயப்போகும் மாட்டின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்டாரா?

விற்ற நாலு எருமைகளும் எங்கே என்று அப்பட்டிக்காரரிடம் பின்னொரு நாள் கேட்டேன். வாங்கியவர் அவற்றைப் பிரித்து மூன்று பேருக்கு விற்றுவிட்டாராம்.