நடை சாத்திய நேரம்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து, பள்ளிக்கூடங்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்புகிற குடும்பங்களின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. அவர்கள் போவதைப் பற்றி அல்ல. போகட்டும்; சந்தோஷமாகப் போகட்டும். மார்கழிக் குளிரில் காவிரிக் கரைச் சீமையைச் சுற்றி வருவதைவிட நல்ல காரியம் வேறு என்ன இருக்கிறது? என் புகாரெல்லாம் அவர்கள் கையோடு கொண்டு போகிற அந்தத் திட்டத்தைப் பற்றித்தான்.

முன்பெல்லாம் அது ஒரு காகிதமாகச் சட்டைப் பையில் இருக்கும். இப்போது செல்போனில் இருக்கிறது. எதில் இருந்தாலும் அதை எழுதியவர் குடும்பத் தலைவர்தான். காலை பத்து மணி, பெரிய கோயில். பன்னிரண்டரை, அரண்மனை, மியூசியம், சரசுவதி மகால். ஒன்றேகால், சாப்பாடு. இரண்டு மணிக்கு வண்டியில் ஏறினால் தாராசுரம், கும்பகோணம். மறுநாள் வேளாங்கண்ணி, நாகூர். ஒரு மகாராஜாவின் அரண்மனை, ஆயிரம் வருஷத்துச் செப்புத் திருமேனிகள், பல்லாயிரம் சுவடிகள் கொண்ட நூல் நிலையம், எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம்! கல்யாண வீட்டில் பந்தியில் இடம் பிடிக்கவே அவ்வளவு நேரம் ஆகிறதே, சுவாமி!

பன்னிரண்டரை மணி என்பது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நேரத்தில் கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். மாலை நாலு மணி வரையில் சுவாமி தரிசனம் கிடையாது. சாப்பாட்டுக்கோ இன்னும் கொஞ்சம் பொழுது இருக்கிறது. நடுவில் கிடக்கும் இந்தப் பொழுதை என்ன செய்வது? 'மியூசியத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம்.' ஆக, நம்முடைய குடும்பங்களுக்குக் காட்சிசாலை என்பது கோயில் கதவு மூடியிருக்கும்போது ஒதுங்குகிற திண்ணை. பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கிற நேரத்தை அதற்கு ஒதுக்கிவிட்டு, 'குழந்தைகளுக்கு இதிலெல்லாம் சுவாரசியமே இல்லை' என்று குறைபட்டுக் கொள்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

போன ஒரு டிசம்பரில் அந்த அரண்மனைக் கலைக்கூடத்தில் இப்படி ஒரு குடும்பத்தைக் கவனித்துக் கொண்டிருந்தேன். தகப்பனார் முன்னால் நடந்தார். ஒவ்வொரு சிலைக்கும் முன்னால் செல்போனை உயர்த்துவார், ஒரு படம், அடுத்த சிலை. பெரிய பையன் அவரைவிட வேகமாகப் போய்ச் சுற்றி முடித்துவிட்டு, 'அப்பா, அவ்வளவுதான்' என்று அறிவித்தான். சின்னப் பெண் தண்ணீர் கேட்டாள். பாட்டி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா? அவள் பாட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய இரண்டு தோள்களிலும் இரண்டு பைகள். ஒன்றில் புளியோதரையும் தயிர் சாதமும். மற்றொன்றில் துண்டு, மாற்றுச் சட்டை, மாத்திரை டப்பா. சின்னப் பெண்ணைக் குழாயடிக்கு அழைத்துப் போய்த் திரும்பி வந்தாள். அதற்குள் முக்கால் மணி முடிந்துவிட்டது. எல்லோருக்கும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள், அவளுக்கும் வாங்கியிருந்தார்கள்.

அவள் ஒரு சிலையைக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் படங்களைப் பார்த்து, 'தஞ்சாவூர் மியூசியம் போயிருக்கிறேன்' என்று அவளும் சொல்லிக்கொள்வாள். இதற்குக் குடும்பப் பிரயாணம் என்று பெயர்!

'கோயிலில் இல்லாத சாமியா மியூசியத்தில் இருக்கப் போகிறது?' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்கிறேன். கோயிலில் உற்சவ மூர்த்தியை எப்படிப் பார்க்கிறோம்? பட்டு, மாலை, கவசம், நகை எல்லாவற்றுக்கும் நடுவே திருமுகம் மட்டும் தெரியும். அதுவும் தீபம் காட்டுகிற நேரத்துக்கு. அது பக்திக்குப் போதும். போதும் என்ன, அதுதான் பக்திக்கு உரிய முறை. ஆனால் அந்த விக்கிரகத்தை வார்த்த சிற்பி அதன் முதுகையும் செய்திருக்கிறானே! இடுப்பில் துணி மடிந்து விழுகிற அழகையும், தோளுக்குப் பின்னால் சடை இறங்குகிற நெளிவையும் செய்திருக்கிறானே! அதையெல்லாம் நாம் பார்ப்பது எங்கே? காட்சிசாலையில்தான்.

தஞ்சைக் கலைக்கூடத்தில் ரிஷபவாகன தேவர் என்று ஒருவர் இருக்கிறார். சீகாழிக்குப் பக்கத்தில் உள்ள திருவெண்காட்டிலிருந்து வந்தவர். அந்த ஊர்க் கோயில் கல்வெட்டுக்களைக் கொண்டு இந்தத் திருமேனி 1011-ஆம் ஆண்டில் எழுந்தருளுவிக்கப்பட்டது என்றும், பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த வருஷம், 1012-இல் வந்தாள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010-இல். காலையில் நீங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தீர்களே, அந்த விமானமும் இந்தச் சிலையும் ஒரே தலைமுறையின் கைவேலை. மற்ற சிவ வடிவங்களைப் போல் நாலு கை இல்லை. இரண்டே கைகள்; நம்மைப் போல. சடையையே முண்டாசாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைக் குறுக்கே போட்டு, வயற்காட்டில் மாட்டின்மேல் சாய்ந்து நிற்கிற குடியானவனைப் போல ஒயிலாக நிற்கிறார். ஒரு கை மடங்கி எதன்மேலோ ஊன்றியிருக்கிறது. எதன்மேல்? அங்கே ஒன்றும் இல்லை. அவர் சாய்ந்து நின்ற ரிஷபம் காணாமல் போய்விட்டது. தாங்குகிற மாடு போன பிறகும் சாய்ந்த கோலம் கலையாமல் நின்றுகொண்டிருக்கிறார். (அந்தக் குடும்பத் தலைவரை நினைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை, வாசகிகள் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பாளி அல்ல.)

எட்டு வயதுக் குழந்தையை அந்தச் சிலைக்கு முன்னால் நிறுத்தி, 'இந்தச் சாமி கையை எதன்மேல் வைத்திருக்கிறார், சொல்லு பார்க்கலாம்' என்று கேளுங்கள். யானை என்று ஒரு குழந்தை சொல்லும். சுவர் என்று மற்றொன்று சொல்லும். மாடு என்று தெரிந்தவுடன், அந்த மாடு எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கையாலேயே அளக்கத் தொடங்கிவிடும். குழந்தைகளுக்குச் சுவாரசியம் இல்லையாம்! நூறு சிலைகளை ஓட ஓடக் காட்டினால் யாருக்குத்தான் சுவாரசியம் இருக்கும்?

அப்புறம் அது எப்படி உண்டாயிற்று என்று சொல்லுங்கள். முதலில் மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் உள்ளே திருமேனி. மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. அதனால் அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் இந்த முறையில்தான் வார்க்கிறார்கள். மேற்படி திட்டத்தில் அந்த ஊர் வழியாக வண்டி போகும், நிற்காது.

இனி, கிறிஸ்துமஸ் விஷயம். நமக்கு அது ஒரு விடுமுறையின் பெயர். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களுக்கு அதற்கு மேலும் கொஞ்சம். ஆனால் தஞ்சாவூரில் அந்தப் பண்டிகைக்கு மிகவும் பொருத்தமான ஒரு காட்சி இருக்கிறது. திட்டம் போடுகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அதை எழுதிக்கொள்வதில்லை. பெரிய கோயிலுக்கு அடுத்தாற்போல், சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில், 1779-இல் கட்டிய ஒரு சிறிய மாதாகோயில் இருக்கிறது. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கோயில் என்பார்கள். அவர் ஜெர்மானியர். துளஜா மகாராஜா தம் சுவீகாரப் பிள்ளையான சரபோஜியை அவர் பாதுகாப்பில் ஒப்புவித்தார். பட்டத்துக்கு வேறொருவர் வந்து, சிறுவனுக்கு ஆபத்து சூழ்ந்தபோது அவனைக் காப்பாற்றிப் படிக்கவைத்தவர் அந்தப் பாதிரியார்தான். 1798 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே ஆண்டில் சரபோஜி சிம்மாசனம் ஏறினார். ஏறியவர், லண்டனில் பேர்பெற்ற சிற்பியான ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு சலவைக்கல் சிற்பம் செய்து வரவழைத்தார். பாதிரியார் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மராட்டிய ராஜா குனிந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ராஜா கடைசி வரையில் இந்துவாகவே இருந்தார். பாதிரியாரும் தம்முடைய பிரசாரத்தை விட்டவர் அல்லர். இருவருக்கும் நடுவே இருந்த அன்பு மட்டும் கல்லில் நிற்கிறது. இதைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் குழந்தைகளுக்குக் காட்டாமல் வேறு எப்போது காட்டப் போகிறோம்? கோயில் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விசாரிப்பது என்றவுடன் இன்னொன்று. கிறிஸ்துமஸ் அன்று அரசாங்க விடுமுறை. அது தவிர ஒவ்வொரு காட்சிசாலைக்கும் ஒரு வார விடுமுறை உண்டு. சென்னை எழும்பூரில் வெள்ளிக்கிழமை, தில்லித் தேசியக் காட்சிசாலையில் திங்கட்கிழமை. இட்லிக்கு எந்த ஹோட்டல் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள் இதை ஒருவரிடமாவது விசாரிக்கலாம்.

சரபோஜி சேர்த்து வைத்ததையெல்லாம் நான் இங்கே வருணிக்கப் போவதில்லை. கண் நோயாளிகளைப் படம் வரைந்து எழுதிவைத்த வைத்தியக் குறிப்புகள், மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு லெ புருன் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படங்கள், எல்லாம் சரசுவதி மகாலில் இருக்கின்றன. அந்த முகங்களில் ஒன்று நம் உறவினர் யாரையாவது நினைவுபடுத்தாமல் போகாது. அரண்மனையிலேயே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. பையன்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்கட்டும், தடுக்காதீர்கள்.

'இவ்வளவு செலவு செய்துகொண்டு போகிறோம். மறுபடி எப்போது வரப்போகிறோமோ? எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?' இதுதான் குடும்பத் தலைவரின் கடைசி ஆயுதம். இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வண்டி வைத்துக்கொண்டு கிளம்புகிறவரின் கவலை எனக்குத் தெரியும். ஆனால் ஐயா, அந்த மிச்சத்தைப் பிடித்தது யார்? பாதிக்குமேல் அடுக்களையில் அல்லவா பிடித்தது? அப்படிப் பிடித்தவள் வாசல் படியில் நிற்க, மற்றவர்கள் ஏழு ஊர் பார்ப்பதுதான் செலவுக்கு ஏற்ற வரவா?

ஆகையால் என் யோசனை இது. காட்சிசாலைக்குக் காலைப் பொழுதைக் கொடுங்கள். திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். பெரிய கோயிலை மாலையில் வைத்துக்கொண்டால் வெயில் சாயும்போது கல் பொன்னிறமாக இருக்கும், காலும் சுடாது. காலையில் மூன்று பொருள் போதும். குழந்தைகள் ஒன்று, பாட்டி ஒன்று, அம்மா ஒன்று தேர்ந்தெடுக்கட்டும். பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு போங்கள். நம் நாட்டுக் காட்சிசாலைகளில் உட்கார இடம் தேடுவது பெரும் பாடு. பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். சாப்பாட்டுப் பையை விடுதியிலேயே விட்டுவிடலாம். விட முடியாவிட்டால் ஒரு மணி நேரம் தகப்பனார் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னப் பெண்ணுக்குத் தண்ணீர் காட்டட்டும். கனம் ஒன்றும் இல்லை. நான் ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்கிறேன், நாலைந்து கிலோ இருக்கும்.

தாராசுரம் என்ன ஆவது என்கிறீர்களா? அது எண்ணூறு வருஷத்துக்கு மேலாக அங்கேயேதான் இருக்கிறது. பொங்கலுக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவார்கள்.