பழைய காமிக்ஸும் பதனிடாத தோலும்

பழைய முத்து காமிக்ஸ் கட்டொன்றைக் கையில் வைத்திருப்பவர், அது வீட்டுமனைக்கு நிகரான முதலீடு என்று பேசுவதை அடிக்கடி கேட்க நேர்கிறது. இதே இதழ்களைக் கலவையில் பழைய பேப்பர்க் கடைத் தராசில் எடைக்கு வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இக்கூற்றை முற்றாக மறுக்கிறோம்.

அவர்கள் நீட்டும் சான்று அமெரிக்காவினுடையது. 1938இல் 10 சென்ட்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் பிரதியொன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். ஆனால் அவ்விலையைத் தாங்கி நிற்பவர்கள் சூப்பர்மேனை இன்றும் அறிந்த புதிய தலைமுறையினர். இதழின் நிலையை ஆராய்ந்து மதிப்பிடும் நிறுவனங்களும் அங்குண்டு. நம்மிடையே விலை தொலைபேசிப் பேச்சில் முடிந்துவிடுகிறது. அதே அமெரிக்காவில் 1991இல் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற 'எக்ஸ்-மென்' முதல் இதழைப் பொன்னாகும் என்று பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். இன்று அதன் சாதாரணப் பிரதி சில டாலருக்கே கிடைக்கிறது. எல்லோரும் பதுக்கிய பொருள் எப்படி அரிதாகும்?

முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து புறப்பட்டது. லயனும் ராணியும் 1984இல் வந்தன. அன்று பத்து வயதில் மாயாவியைப் படித்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். இப்போதைய விலை அவருடைய பால்ய ஏக்கத்தின் விலை. அவருக்குப் பின் வாங்குபவர் யார்? மாயாவியை அறியாத பேரனுக்கு அது வெறும் பழுத்த தாள்.

பதுக்குவோரின் முரண் இங்கேதான் வெளிப்படுகிறது. இதழ்களை உறையிட்டுப் பூட்டுகிறார்கள், ஆய்வாளருக்கும் காட்டுவதில்லை, மறுபதிப்பு வந்தால் விலை சரியுமென்று முகஞ்சுளிக்கிறார்கள். சூப்பர்மேனின் முதல் கதை பலமுறை மறுபதிப்பானது. அதனால் முதல் இதழின் விலை வீழ்ந்ததா? வாசகனை வளர்க்காமல் விலையை வளர்க்க முடியாது.

தோல் ஷாப்புகள் சூழ்ந்த எம் வட்டாரத்தில் சிறுவனுக்கும் தெரியும்: உரித்த தோலை உப்பிடாமல் பூட்டிவைத்தால் அழுகும். மலிவான அச்சுத்தாளும் தன் அமிலத்தாலேயே நொறுங்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் தனிச் சேகரிப்பு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி எல்லோருக்கும் திறந்தது. சேகரிப்பாளர்களே, இதழ்களை விற்க வேண்டாம், தானமும் தர வேண்டாம், நகலெடுக்கவேனும் அனுமதியுங்கள். பெட்டிக்குள் பொடியாகும் மாயாவிக்கு எந்தச் சந்தையிலும் விலையில்லை.