கேம் முடிஞ்சதும் வர்ற வெறுமைக்கு மாத்திரை கேட்காதீங்க

போன மாசம் ஓ.பி.யில் ஒரு அம்மா, காலேஜ் முடிச்ச பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் மாத்தியிருக்கேன்.) “சார், ஒரு கேமை முடிச்சதுல இருந்து நாலு நாளா பேய் அறைஞ்ச மாதிரி இருக்கான். டோபமைன் கம்மியாயிடுச்சாம், ரீல்ஸ்ல சொன்னாங்க. டெஸ்ட் எழுதிக் கொடுங்க.”

முதல்ல இந்த டோபமைன் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. மூளையில் டோபமைன் எவ்வளவுன்னு பார்க்கிற ரத்தப் பரிசோதனை எந்த ஓ.பி.யிலும் கிடையாது. இல்லாத டெஸ்டைக் காட்டி ஒரு அம்மாவைப் பயமுறுத்துறீங்க. நம்ம டாக்டர்கள் சிலரும் இதுக்கு லைக் போடுறீங்க, அதுதான் கேவலம்.

பையன் முடிச்ச கேம் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’. 2018-ல் வந்தது. நானும் லாங் பஜார் பக்கத்துச் சந்துல இருக்கிற வீட்டுல, செகண்ட் ஹேண்ட் பி.எஸ்.4-ல, நைட் டியூட்டிக்கு நடுவுல ரெண்டு மாசம் ஆடி முடிச்சவன். (இனிமே கதையைச் சொல்லிடுவேன், ஆடாதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.)

ஹீரோ ஆர்தர் மார்கன். 1899. கடன் வசூலிக்கப் போய் ஒரு நோயாளியை அடிக்கிறார், அவர் இருமினதுல ஆர்தருக்கு டி.பி. தொத்திக்குது. காக் கிருமியைக் கண்டுபிடிச்சது 1882. ஆனா ஸ்ட்ரெப்டோமைசின் வர 1940-கள் ஆச்சு. நடுவுல மாட்டினவங்களுக்கு ஓய்வு, நல்ல காத்து, அவ்வளவுதான்.

தினமும் டி.பி. மாத்திரை எழுதுற கை இது. வீட்டுலயே வச்சு மாத்திரை கொடுத்தா போதும், சானடோரியம் தேவையில்லைன்னு 1950-கள்ல ஆய்வு செஞ்சு உலகத்துக்கே காட்டின ஊரு நம்ம மெட்ராஸ். ஆறு மாசக் கோர்ஸ்ல எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டிய ஆளு என் கன்ட்ரோலரைப் பிடிச்சிட்டே இருமி இருமிச் செத்தார். விடியற்காலை. பஜார்ல லாரியில இருந்து மூட்டை இறக்குற சத்தம். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் வேற எந்த கேமையும் தொடல.

இது வியாதியா? ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ங்கிற நோய் ஐ.சி.டி-11-ல இருக்கு. 2019-ல் ஏத்துக்கிட்டாங்க, 2022-ல் நடைமுறைக்கு வந்துச்சு. நிறுத்த முடியாம ஆடுறது, மத்த எல்லாத்தையும் விட அது முக்கியமாறது, வாழ்க்கை கெட்டாலும் தொடர்றது, பொதுவா 12 மாசம். இந்தப் பையன் முடிச்சுட்டு எழுந்துட்டான் சார்! எழுந்ததாலதான் வெறுமை.

அம்மாவோட பயம் எங்க இருந்து வருதுன்னு தெரியும். ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டு உயிரையும் விட்டவங்களைப் பார்த்துதான் 2022-ல் தமிழ்நாடு சட்டமே போட்டுச்சு. ஆனா ரம்மிக்குக் கடைசி சீன் கிடையாது. தினமும் லாகின் பண்ணா பரிசு, சீசன் முடிஞ்சா அடுத்த சீசன்னு இழுக்கிற கேம்களுக்கும் கிடையாது. திட்டணும்னா அதைத் திட்டுங்க. முடியுற கதையைப் போய் ஏன் திட்டுறீங்க? பொன்னியின் செல்வன் அஞ்சாம் பாகம் முடிச்சுட்டு நம்ம வீட்டுப் பெரியவங்க வெறிச்சுப் பார்த்துட்டு உட்காரலையா? அப்போ யாரும் ஸ்கேன் எடுக்கல. கன்ட்ரோலர் கையில இருந்தா மட்டும் அது அடிக்‌ஷனா?

ஒண்ணு மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. ரெண்டு வாரம் தாண்டியும் நாள் முழுக்க மனசு கனமா இருந்தா, தூக்கம், சாப்பாடு போனா, சாகணும்னு தோணினா, அது கேமால வந்ததா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ணாம வாங்க. ராத்திரின்னா 14416, டெலி மானஸ், காசு கிடையாது.

பையன்கிட்ட இதையெல்லாம் கேட்டேன். தூங்குறான், சாப்பிடுறான். மாத்திரை எழுதல. “உன் ஆர்தர் சூரிய உதயத்தைப் பார்த்துட்டுப் போனாரா, இல்ல மைக்கா கையில செத்தாரா?”ன்னு கேட்டேன். நிமிர்ந்து பார்த்தான். “சூரியன் சார்”னு ஆரம்பிச்சவன் பத்து நிமிஷம் நிறுத்தல. வெளிய க்யூல இருந்தவங்க கதவைத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க.