வெயில் தாழட்டும், கதவு திறக்கட்டும்

நுழையும்முன்

கோடை விடுமுறை என்றவுடன் பள்ளி மாணவர்க்குரிய பயிற்சி முகாம்களும் பயணங்களுமே பேசப்படுகின்றன. அதே வீட்டில் தத்தித் தத்தி நடக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் கோடையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தளர்நடைக் குழந்தைக்குக் கோடையிலும் திறந்தவெளி வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது இக்கருத்துக் கட்டுரை.

அடைபடும் பருவம்

மே மாதத்துத் தில்லியில் முற்பகல் பதினொரு மணிக்கே தெரு வெறிச்சோடிவிடுகிறது. 'லூ' என்று வடநாட்டார் அழைக்கும் அனற்காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. சன்னல்கள் அடைக்கப்படுகின்றன, திரைகள் இழுத்துவிடப்படுகின்றன, ஏர்கூலர் இரைகிறது. நண்பகல் வேளைக்கு இந்த ஏற்பாடு தேவையானதே. ஆனால் பல வீடுகளில் காலையில் அடைத்த கதவு இரவு வரை திறப்பதில்லை. நண்பகலுக்குரிய காவல் நாள் முழுவதற்கும் நீண்டுவிடுகிறது.

இதன் சுமை வீட்டிலேயே மிகச் சிறிய உயிரின்மீது விழுகிறது. பெரியவர் அலுவலகம் செல்கின்றனர். மாணவர் மாலையில் விளையாடச் செல்கின்றனர். நடை பழகும் குழந்தைக்குத் தானே கதவைத் திறந்துகொண்டு செல்லும் வழியில்லை. அது அழுகிறது, அழுகையை அடக்க அலைபேசி கையில் கொடுக்கப்படுகிறது. ஓடி விழுந்து எழவேண்டிய உடல், ஒளிரும் திரையின்முன் அசைவற்று அமர்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலசைவுள்ள செயல்களில் ஈடுபடவேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்த்தல் பரிந்துரைக்கப்படவில்லை; இரண்டு வயதில் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது. இரண்டு அறைகள் கொண்ட குடியிருப்பில், மேசை விளிம்புகளுக்கும் கட்டிற்கால்களுக்கும் நடுவே, மூன்று மணி நேர அசைவை எங்ஙனம் தேடுவது? கதவுக்கு வெளியேதான் தேடவேண்டும்.

கடிகாரம் ஒன்று, கதிரவன் வேறு

கோடையில் வெளியே விளையாடலாமா என்னும் வினாவுக்கு விடை, எப்போது என்பதில் அடங்கியுள்ளது. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. கதிரவன் உதிக்கும் நேரமோ ஊருக்கு ஊர் வேறு. சூன் திங்களில் குவாஹாட்டியில் ஏறத்தாழ நாலரை மணிக்கே பொழுது புலர்ந்துவிடுகிறது. தில்லியில் ஐந்தரை மணிக்குச் சற்று முன்பும், ஜெய்சல்மேரில் ஆறு மணிக்குச் சற்று முன்பும் கதிரவன் எழுகிறது. ஆதலால் காலை ஆறு மணி என்பது பாலை நகரில் விடியற்பொழுது. பிரம்மபுத்திராக் கரையில் வெயில் ஏறத் தொடங்கிய நேரம். மாற்றலாகி வரும் குடும்பம், பழைய ஊரின் விளையாட்டு நேரத்தையும் பெட்டியோடு கொண்டுவருதல் கூடாது. புதிய ஊரின் வானத்தைப் பார்த்தே நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்தோறும் கோடையின் இயல்பும் மாறுபடுகிறது. வடநாட்டுச் சமவெளியில் காற்று உலர்ந்து சுடும். சென்னை, மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருப்பினும், காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடற்சூடு தணிவதும் அரிதாகிறது. மலையூர்களில் வெயில் இதமாகத் தோன்றினாலும் அதன் கதிர்கள் தோலைத் தாக்கும். ஓர் ஊருக்குப் பொருந்தும் விதியை மற்றோர் ஊருக்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும்.

எனினும் எங்கும் பொருந்தும் சில அடிப்படைகள் உள. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை குழந்தையை வெளியே விடலாகாது. வானிலைத் துறை வெப்ப அலைக்கான செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் வெளி விளையாட்டைத் தள்ளிவைத்தலே அறிவுடைமை. மற்ற நாள்களில் விடிந்தபின் ஒரு மணி நேரமும், வெயில் தாழ்ந்தபின் ஒரு மணி நேரமும் குழந்தைக்கு உரியனவாகட்டும். மாலையில் தரையும் சுவரும் பகற்சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துச் சுடாது எனத் தெளிந்தபின்னரே பிஞ்சுப்பாதத்தை இறக்கவேண்டும். பூங்காவின் இரும்புச் சறுக்குமரத்துக்கும் இச்சோதனை தேவை.

மண், நீர், நிழல்

வெளி விளையாட்டு என்றதும் விலையுயர்ந்த கருவிகள் நினைவுக்கு வருதல் இக்காலத்து வழக்கம். தளர்நடைக் குழந்தைக்கு அவை வேண்டுவதில்லை. மண்ணும் சிறிது நீரும் மரநிழலும் உடன் ஒரு பெரியவரும் இருப்பின் ஆட்டம் தானே பிறக்கும்.

ஒரு பழைய தூரிகையும் குவளை நீரும் கொடுத்தால், குழந்தை மதிற்சுவரில் நீரால் தீட்டத் தொடங்கும். தீட்டிய கோடு சிறிது நேரத்தில் உலர்ந்து மறையும். மறைந்ததைக் கண்டு வியந்து மீண்டும் தீட்டும். நீர் ஆவியாதல் என்னும் பாடம் பெயரின்றியே கண்முன் நிகழ்கிறது. ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு நீரை ஊற்றும்போது கையும் கண்ணும் ஒன்றுபட்டு இயங்கப் பழகுகின்றன. ஈரமணலைக் கிண்ணத்தில் அடைத்துக் கவிழ்த்தால் 'இட்டிலி' ஆகிறது. அது உடைந்தால் வருத்தமில்லை, மறுபடியும் செய்யலாம்.

நீர்ப் பஞ்சமுள்ள நகரங்களில் விளையாட்டுக்கு நீர் வீணாகலாமா என்ற கேள்வி நியாயமானது. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் தொட்டிச் செடிகளுக்குத்தான் செல்கின்றன. அந்நீரைச் சிறு குவளையால் மொண்டு செடிக்கு ஊற்றும் வேலையைக் குழந்தையிடமே ஒப்படைக்கலாம். பாதி நீர் அதன் காலில் சிந்தும். மீதி வேருக்குச் சென்றுவிடும்.

தில்லியின் சாலையோரங்களில் மே, சூன் திங்களில் கொன்றை மரங்கள் பொன்னாகப் பூத்துத் தொங்குகின்றன. அங்குள்ளோர் அதனை 'அமல்தாஸ்' என்பர். காலையில் அம்மரத்தடியில் உதிர்ந்துகிடக்கும் இதழ்களைப் பொறுக்கிக் கூடையில் இடுதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெருந்தொழில். வேப்பமரத்து எறும்பு வரிசையைக் குந்தி உட்கார்ந்து பார்த்தல் மற்றொன்று. பொழுது சாய்ந்தபின் மொட்டைமாடியில் நிலவைக் காட்டுதலும் வெளி விளையாட்டே.

காவல் இல்லாத ஆட்டம் கூடாது

திறந்தவெளியைப் பரிந்துரைப்போர் அதன் இடர்களை மறைத்தல் ஆகாது. பெரியவரைக் காட்டிலும் குழந்தையின் உடல் விரைவில் சூடேறும். தாகத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. ஆகவே கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் கொடுக்கவேண்டும். தளர்ந்த பருத்தி ஆடையும் விளிம்புள்ள தொப்பியும் வேண்டும். குழந்தை சோர்ந்தாலோ, வாந்தியெடுத்தாலோ, உடல் கொதித்தாலோ உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, ஈரத்துணியால் துடைத்துக் குளிர்வித்து, தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும்.

நீர் விளையாட்டில் கவனம் இருமடங்காக வேண்டும். சில விரற்கடை ஆழமுள்ள நீரிலும் சிறுகுழந்தை மூழ்க நேரிடும். கை எட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடல் வேண்டும். பொறுக்கிய கூழாங்கல்லும் விதையும் வாய்க்குள் செல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காக வளர்க்கப்படும் அரளி நச்சுச்செடி. அதன் இலையையும் பூவையும் குழந்தை தொடவிடலாகாது.

இத்தனை இடர்கள் இருக்க, வீடே மேல் அன்றோ என்பர் சிலர். வீட்டுக்குள்ளும் இடர் உண்டு. அது மெல்ல வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளிவெளிச்சத்தில் போதிய நேரம் கழியாத குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பு மிகுதி என மருத்துவம் கூறுகிறது. விழுந்து எழாத கால் உறுதி பெறுவது கடினம். மேலும், வெளியுலக இடர்கள் யாவும் ஒரு பெரியவரின் விழிப்பால் தடுக்கத்தக்கவை. ஆகவே கதவை மூடுவதைக் காட்டிலும் உடன் செல்லுதலே சிறந்த காவல்.

முற்றம் என்னும் பள்ளி

குழந்தைக்கு வெளி வேண்டும் என்பது இந்நாட்டுக்குப் புதிய கருத்தன்று. 1901ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. 1975ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கு 'அங்கன்வாடி' என்று பெயர். 'அங்கன்' என்னும் இந்திச் சொல்லுக்கு முற்றம் என்பது பொருள். தமிழிலும் 'அங்கணம்' என்ற சொல் முற்றத்தைக் குறிக்கும். குழந்தை கற்கும் இடத்தின் பெயரே முற்றமாக அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

தமிழிலக்கியமும் இதற்குச் சான்று தருகிறது. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகின்றன. அவற்றுள் அம்புலிப் பருவம் நிலவை விளையாட அழைப்பது. ஆண்பாற்பிள்ளைத்தமிழின் சிற்றில், சிறுதேர் ஆகியனவும், பெண்பாற்பிள்ளைத்தமிழின் நீராடல், ஊசல் ஆகியனவும் வெளியில் நிகழும் ஆட்டங்களே. மணல்வீடு, இழுக்கும் தேர், நீர், ஊஞ்சல் ஆகியவற்றைப் பிள்ளைப்பருவத்தின் அடையாளமாகக் கொண்டது ஒரு மொழி. அம்மொழியைப் பயிலும் வீட்டிலேயே குழந்தைக்கு மணல் மறுக்கப்படுதல் பொருந்துமா?

அயலூரில் வளரும் குழந்தை

பணி நிமித்தமாக ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அங்குத் தாத்தாவும் பாட்டியும் அருகில் இல்லை. தெரிந்த தெருவும் இல்லை. அரசுக் குடியிருப்பின் புல்வெளியே குழந்தைக்கு ஊர். அங்கு வரும் அண்டைவீட்டுக் குழந்தைகளே உறவு. மணற்குவியலருகே ஒரு குழந்தை 'பானி' என்கிறது. மற்றொன்று 'ஜல்' என்கிறது. தமிழ்க்குழந்தை 'தண்ணி' என்கிறது. மூன்றும் ஒரே குவளையைத்தான் நீட்டுகின்றன. வேற்றுமொழியோடு அச்சமின்றிப் பழகும் முதற்பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

தாய்மொழி தழைப்பதும் இங்கேதான். மண், எறும்பு, நிழல், ஈரம், காக்கை, கொன்றை ஆகிய சொற்களைத் தொட்டும் கண்டும் கற்ற குழந்தை எளிதில் மறப்பதில்லை. வீட்டுக்கு வெளியே தமிழ் ஒலிக்காத ஊரில் இச்சொற்களைத் தருவோர் பெற்றோரும் மூத்த உடன்பிறப்புகளுமே. அக்காவோ அண்ணனோ நாளும் அரைமணி நேரம் தம்பி தங்கையோடு மரத்தடியில் அமர்ந்து, கண்டவற்றின் பெயரைத் தமிழில் சொல்வார்களாயின், அது குழந்தைக்கும் நன்மை. தமிழைப் பாடமாகப் பயிலும் அவர்களுக்கும் நன்மை. பெற்றோரில் ஒருவர் அருகில் இருக்க இதனைச் செய்தல் வேண்டும்.

இப்பொறுப்பு வீட்டோடு முடிவதில்லை. பல குடியிருப்புகளில் புல்லை மிதிக்கக்கூடாது என்னும் பலகை இருக்கிறது. குழந்தை மிதிக்க ஒரு மூலையும் ஒதுக்கப்படவில்லை. சில பூங்காக்கள் வெயில் ஏறியபின்னரே திறக்கப்படுகின்றன. விடியலில் திறக்கும் வாயில், நிழல்தரும் நான்கு மரம், தூய மணல் நிரப்பிய ஒரு குழி, ஊர்தி நுழையாத ஒரு பாதை ஆகியவற்றைக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் செய்துதரக் கூடும். ஊர்தி நிறுத்த இடம் தேடுவோர் குழந்தை விளையாட இடம் தேடாதிருத்தல் முறையாகாது.

ஒருவரின் வாழ்வில் தளர்நடைப் பருவத்துக் கோடைகள் இரண்டோ மூன்றோதான். அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், அப்போது அக்குழந்தை வேறொரு பருவத்தில் இருக்கும். வெயில் தாழக் காத்திருப்போம். தாழ்ந்தபின் கதவைத் திறந்து, சிறுகை பற்றி வெளியே அழைத்துச் செல்வோம்.

சொல்லும் பொருளும்

தளர்நடை – குழந்தையின் தள்ளாடும் நடை
அனற்காற்று – வெப்பம் மிகுந்த காற்று
விரற்கடை – ஒரு விரலின் அகல அளவு
அம்புலி – நிலவு
சிற்றில் – சிறுவர் கட்டும் மணல்வீடு
ஊசல் – ஊஞ்சல்

சிந்தித்து எழுதுக

1. 'கடிகாரம் ஒன்று, கதிரவன் வேறு' என்னும் தலைப்பின் பொருத்தத்தைச் சான்றுடன் விளக்குக.
2. வீட்டுக்குள்ளும் இடர் உண்டு என்னும் கருத்தை ஏற்கிறீரா, மறுக்கிறீரா? காரணம் தருக.
3. நீவிர் வாழும் ஊரின் கோடைக்கு ஏற்ப, இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைய விளையாட்டு நேரப் பட்டியலை அமைக்க.
4. உம் குடியிருப்பில் குழந்தைகளுக்கு மணற்குழி அமைத்துத் தருமாறு வேண்டி நலச்சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதுக.