ஆடுகளத்தில் அயலான் நா

காஞ்சியின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடப்பவர் முன்பெல்லாம் தறியொலி கேட்டே நடப்பர். அவ்வொலி இன்றும் அறவே நின்றுவிடவில்லை. ஆனால் இரவில் தறி அடங்கிய பின் அதே வீடுகளின் திண்ணையிலிருந்தும் மாடியிலிருந்தும் வேறோர் ஒலி எழுகிறது. காதில் கருவியைச் செருகி, கண்ணைக் கைப்பேசியில் நட்டு, எங்கோ இருக்கும் மூவரோடு ஓர் இளைஞன் கூவுகிறான்: “எனிமி ரைட்ல இருக்கான் ப்ரோ, ரஷ் பண்ணு, லூட் அப்புறம் எடு, என்ன ரிவைவ் பண்ணு!”

இந்த ஒரு மூச்சுப் பேச்சில் தமிழ் எத்துணை? ‘இருக்கான்’, ‘பண்ணு’, ‘அப்புறம்’, ‘எடு’, ‘என்ன’. பொருள் தரும் சொற்களெல்லாம் அயலானுடையவை. அவற்றை ஒட்டவைக்கும் பசையாக மட்டுமே தமிழ் எஞ்சியிருக்கிறது. அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று அகவைக்கும் உறவுக்கும் ஏற்ப விளிக்கத் தெரிந்த இனத்தின் பிள்ளைக்கு இன்று எல்லாரும் ‘ப்ரோ’!

இணைய ஆட்டமே கூடாது, கைப்பேசியைப் பிடுங்கி எறிக என்பார் உளர். அவர் கூற்று எளிது, எளிதாகையால் பயனற்றது. ஆட்டத்தில் பேசும் பேச்சால் நன்மையே இல்லை என்பது உண்மையன்று. காஞ்சிக்காரருக்கு அதைக் கோர்வைச் சேலையைக் காட்டியே விளக்கலாம். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர் போதார்; மறுபக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். ஒருவர் கையசைவை மற்றவர் அறியாவிடில் உடலும் கரையும் கோத்து நில்லா. (மறுபக்கம் உட்கார்ந்தவன் நெடுங்காலம் சிறுவனாகவே இருந்தான் என்பது காஞ்சிப் பட்டின் கறை. அவனை மீண்டும் தறிக்கு இழுக்க விரும்புவோர் தமிழ்ப் பிள்ளைகளின் பகைவரே.) நால்வர் குழுவாக ஆடும் ஆட்டமும் இத்தகையதே. சுருங்கச் சொல்லுதல், விரைந்து கேட்டல், வீழ்ந்தவனை விட்டோடாமை ஆகியவை அங்குப் பழகுகின்றன. 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டுக் கூலி வேலைகளும் முடங்கியபோது, பாடம் கேட்க வாங்கிய கைப்பேசியில் பிள்ளைகள் தோழர் குரலையும் கேட்டனர். அடைபட்ட வீட்டில் அக்குரல் ஆறுதலாக இருந்ததை மறுப்பானேன்?

அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. 1983-க்குப் பின் உலகெங்கும் சிதறிய ஈழத்தமிழரின் பிள்ளைகள் தொரண்டோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வளர்கின்றனர். காஞ்சிப் பிள்ளையும் அவர்களும் ஒரே களத்தில் ஒரே நேரத்தில் பேசும் வாய்ப்பு முன்னை எத்தலைமுறைக்கும் கிட்டியதில்லை. “என்ன கதைக்கிறாய்?” என்று யாழ்ப்பாணத்து வழக்கைக் காஞ்சிப் பிள்ளை கேட்கலாம், வீட்டுக்கு வெளியே தமிழ் கேளாத கனடாப் பிள்ளை தன் அகவையான் ஒருவனிடம் தமிழ் பேசிப் பழகலாம். இத்தகைய கருவி கைக்கு வந்தும் இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் கூவிக்கொண்டால், இழப்பு யாருக்கு?

கேடுகள் பல. முதற்கேடு வசை. தோற்றவன் வென்றவனின் தாயையும் தமக்கையையும் இழுத்துப் பேசுகிறான். பெண்குரல் கேட்டால் களமே சாக்கடையாகிறது. ஆகவே பெண்பிள்ளைகள் பலர் வாய் திறவாமல் ஆடுகின்றனர். முகம் தெரியாதவரோடு பேசும் சிறுவனிடம் அன்பு காட்டிப் படமும் பணமும் கறப்பவரும் அங்கேயே உலவுகின்றனர். 2021-இல் பப்சி ஆட்டத்தின்போது இழிசொல் பேசி அதனை வலையொளியில் பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் தருமபுரியில் தளைப்படுத்தப்பட்டார். அவர்க்காக முன்பிணை கேட்டு வந்த வழக்கறிஞரிடம், அப்பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வழக்காடுமாறு சென்னை உயர்முறை மன்ற நடுவரே சொல்ல நேர்ந்தது. அப்பேச்சைப் பல நூறாயிரம் பேர் விரும்பிக் கேட்டனர் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. அவருள் பெரும்பாலார் பள்ளிப் பிள்ளைகள் அல்லரென்று யார் உறுதி சொல்வார்?

அடுத்தது அளவின்மை. ஆட்டத்தை விட இயலாமையை உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. தில்லி அரசு பப்சியை 2020-இல் தடைசெய்தது. கரணியம் பிள்ளைகளின் நலமன்று, சீனத்தோடு ஏற்பட்ட எல்லைப் பூசல். அடுத்த ஆண்டே அது வேறு பெயர் பூண்டு வந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே சீட்டாட்டத் தடையை உயர்முறை மன்றம் நீக்கியது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பணம் வைத்தாடக் கூடாதென்ற 2025-ஆம் ஆண்டு விதிகளை அதே மன்றம் ஏற்றது. அவ்வாண்டே தில்லியும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் சட்டத்தின் கண் பணப்பையின்மேல் இருக்கிறது. பிள்ளையின் நாவின்மேல் இல்லை. நாவைக் காக்க வேண்டியவர் வேறு யார்?

“ஆட்டத்துக்குத் தமிழ் ஒத்துவராது, அதற்குரிய சொல் தமிழில் இல்லை” என்பார்க்கு விடை, அவர்கள் நின்று பேசும் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. காஞ்சி என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று; புறத்திணையின் பெயருமாம். படையெடுத்து வருவோனை எதிர்த்துத் தன் மண்ணைக் காப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை காஞ்சி என்று வகுக்கிறது. பகைவன் ஆநிரையைக் கவர்தல் வெட்சி, அதனை மீட்டல் கரந்தை, மண் கொள்ளப் படையெடுத்தல் வஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, மதிலைக் காத்தல் நொச்சி, களத்தில் நேர்நின்று பொருதல் தும்பை, வெல்லுதல் வாகை. அயலான் ‘லூட்’ என்பதும் ‘ரஷ்’ என்பதும் ‘டிஃபெண்ட்’ என்பதும் தமிழர் துறைவாரியாகப் பெயரிட்டு இலக்கணம் வரைந்தவை! வென்ற பிள்ளைக்குக் கோழிச்சோறு என்று திரையில் ஆங்கில எழுத்து ஒளிர்கிறது. வாகை என்ற சொல்லை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

விரைவுக்கு ஆங்கிலமே ஏற்றது என்பதும் பொய். ‘ரஷ் பண்ணு’ என்பதற்குள் ‘பாய்’ என்று இருமுறை சொல்லிவிடலாம். ‘கவர் எடு’ என்பது ‘மறை’. ‘ரிவைவ் பண்ணு’ என்பது ‘எழுப்பு’. ‘எனிமி’ என்பது ‘பகை’. சடுகுடு ஆடிய இனத்துக்கு ஆட்டத்தில் பேசத் தெரியாதா? பாடிக்கொண்டே எதிர்க்களம் புகுவதுதான் அவ்வாட்டத்தின் உயிர். பாட்டு அறுந்தால் ஆள் ஒழிந்தான். தாயத்தில் காய் வீடு சேர்ந்தால் பழம், இடையில் வீழ்ந்தால் வெட்டு. ஆட்டந்தோறும் அதற்குரிய சொல்லை ஆடியவர்களே ஆக்கிக்கொண்டனர்; எந்தப் புலவரும் வந்து ஆக்கித் தரவில்லை.

எழுத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆட்டத்தினிடையே எழுதும் தமிழும் ஆங்கில எழுத்தில் எழுதப்படுகிறது. ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிப் பிள்ளைக்கு ஒலிப்பும் கெடுகிறது. 1999-இல் சென்னையில் கூடிய இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. இன்று அது கைப்பேசியிலும் கிடைக்கிறது. காசு கேட்கவில்லை, ஒரு கிழமை பழகினால் போதும்.

பெயர் பற்றியும் ஒரு சொல். பெற்றோர் இட்ட பெயர் பிள்ளையின் விருப்பம் கேட்டு இட்டதன்று. ஆட்டத்தில் அவன் சூடும் பெயரோ அவனே தேர்ந்தது. அங்கே ‘கில்லர்’, ‘டெவில்’, ‘கிங்’ என்று நிற்கிறான். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் அமைய வழிசெய்த அண்ணா பிறந்த ஊரில் இது! நொச்சி என்றும் தும்பை என்றும் பெயர் பூண்டு நால்வர் களம் புகுந்தால் யார் தடுப்பார்?

1974-இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய அகரமுதலித் திட்டம், இன்று இயக்ககமாக வளர்ந்து சொற்குவை என்னும் தளத்தில் கலைச்சொற்களைத் திரட்டி வருகிறது. ஆட்டக்களச் சொற்களை அதற்குத் தொகுத்துத் தர ஆடும் பிள்ளைகளையன்றித் தக்கார் இல்லர். காஞ்சித் தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பில், திட்டாமல், “இரவு ஆட்டத்தில் என்னென்ன கூவினீர்கள்?” என்று கேட்டு அவற்றைக் கரும்பலகையில் எழுதட்டும். எதிரே தமிழ்ச்சொல்லைப் பிள்ளைகளே எழுதுவர். எழுதிய சொல் நீளமாக இருந்தால் அன்றிரவே களத்தில் அது தோற்கும். மறுநாள் அவர்களே குறுக்கிக்கொண்டு வருவர்.