பனிக்காலத்துச் சாமந்தி

செடிக்குக் குளிருமே என்று இரங்கி அதைக் கொன்றவர் எவரேனும் உண்டோ? உண்டு. அந்தப் பாதகம் நம்முடையதே.

கனடாவிலுள்ள டொராண்டோ நகரில், புதல்வன் இல்லத்தில் ஓராண்டு தங்கியிருந்தோம். இலையுதிர் காலத்தில், குளிர் தாங்கும் சாமந்திச் செடிகள் சிலவற்றைக் கொல்லையில் நட்டு, மண் உறைந்த பிறகு வைக்கோலால் மூடினோம். அதுவரையில் சரியே. ஜனவரியில் நாலைந்து நாள் இளவெயில் அடித்தது. "பாவம், சற்று வெயில் காயட்டும்" என்று மூடியதை நீக்கிவிட்டோம். பகலில் மண் இளகிற்று; இரவில் மீண்டும் உறைந்தது. மண்ணுக்குள் திரண்ட பனிக்கட்டி செடிகளை வேரோடு மேலே தள்ளிற்று. வெளியே வந்த வேர்கள் வாடைக் காற்றில் உலர்ந்து மாண்டன.

வைக்கோல் செடிக்குக் கம்பளியன்று. உறைந்த மண் இடையில் இளகாதபடி காப்பது. வெண்பனி கனமாகப் பெய்து கிடந்தால் அதுவே போதும். மண் உறையுமுன்பே மூடினாலோ, எலிகளுக்குத்தான் மாளிகை கிடைக்கும்!

பக்கத்தில் வைத்த பியோனிக் கிழங்குக்கும் இதே தயையைக் காட்டினோம். அதன் முளை மண்ணுக்குள் 2 அங்குலத்துக்கு அதிகமாக ஆழ்ந்திருத்தலாகாது. நாமோ அரை முழம் புதைத்தோம். வசந்தத்தில் இலை வந்தது, பூ வரவில்லை. பல வாரம் குளிரில் உறங்கினாலன்றிப் பூக்காத ஜாதி அது. சென்னையில் எவ்வளவு சீராட்டினாலும் பயனில்லை.

செப்டம்பரில் கிழங்கைத் தோண்டி மேலாக நடும்படி புதல்வனுக்கு எழுதியிருக்கிறோம். சாமந்தியை, வேர் ஊன்ற அவகாசம் இருக்கும்படி, இனி வசந்தத்திலேயே நடவேண்டும் என்றும்.