பழைய பதிவைக் கைவிட அவசரம் வேண்டாம்

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஊதுவத்தி, விபூதி விற்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். கிரிவலம் வந்த சிங்கப்பூர் பக்தர்கள் வாங்கிப் போக, அங்கேயும் கிராக்கி பிறக்கிறது. 2016இல் சிங்கப்பூரிலேயே தன் வணிகச் சின்னத்தைப் பதிகிறார். பிறகு மலேசியா, துபாய் என்று சரக்கு போகத் தொடங்கியதும், 2023இல் தன் இந்தியப் பதிவை அடிப்படையாக வைத்து, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்பு கேட்க வழிசெய்யும் மாட்ரிட் முறைப்படி சர்வதேசப் பதிவு வாங்குகிறார். அதில் சிங்கப்பூரையும் சேர்க்கிறார். இப்போது சிங்கப்பூரில் அவருக்கு இரண்டு பதிவுகள். பழையதற்கு எதற்குத் தண்டச் செலவு என்று தோன்றுவது இயல்புதான்.

இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் சேர்ந்தது 2013 ஜூலை 8இல். அந்த நெறிமுறையின்படி, பிந்தி வந்த சர்வதேசப் பதிவு, முந்திய தேசியப் பதிவின் இடத்தில் தானாகவே அமர்கிறது; இதைத்தான் ‘மாற்று’ என்கிறோம். தனி விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் பழையது அழிந்துவிடுவதில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பழையதை ரத்து செய்தால்தான் ஆயிற்று என்று எந்த நாட்டு அலுவலகமும் கேட்கக் கூடாது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

இதில் லாபம் தேதியில் இருக்கிறது. இடம் மாறுவது 2023 முதல் என்றாலும், 2016இல் கிடைத்த உரிமை குறைவதில்லை. 2019இல் அதே பெயரில் நுழையப் பார்த்த போட்டியாளர் பின்னால்தான் நிற்க வேண்டும். இந்த விவரத்தைப் பதிவேட்டில் குறித்துவைக்கும்படி சிங்கப்பூர் அலுவலகத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. வழக்கு என்று வந்தால் கைகொடுக்கும்.

சின்னமும் உரிமையாளரும் இரண்டு பதிவுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் பலர் சறுக்குவார்கள். முதல் பதிவு சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் பெயரிலோ, பழைய தமிழ் எழுத்து லோகோவிலோ இருந்தால் மாற்று நடக்காது. பொருள்களின் பட்டியல் மட்டும் முழுக்கப் பொருந்த வேண்டியதில்லை: ஊதுவத்தி இரண்டிலும் இருந்து, விபூதி பழையதில் மட்டும் இருந்தால், மாற்று ஊதுவத்திக்கு உண்டு. விபூதிக்குப் பழைய பதிவே கதி.

இந்தியப் பதிவு இந்தக் கணக்கில் வராது. இந்தியாவை அடிப்படையாக வைத்து வாங்கிய சர்வதேசப் பதிவில் இந்தியாவையே குறிப்பிட முடியாது. அதைவிட முக்கியம், முதல் ஐந்து ஆண்டுகள் சர்வதேசப் பதிவின் உயிர் இந்தியப் பதிவில்தான் இருக்கிறது. அதற்குள் இங்கே அது ரத்தானாலோ, அதற்குள் தொடங்கிய வழக்கில் பின்னால் ரத்தானாலோ, எல்லா நாடுகளிலும் சர்வதேசப் பதிவு விழும்.

கோயில் ஊரில் இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இங்கே கடைக்குக் கடை அருணாசலா, அண்ணாமலையார், ரமணா. ஊதுவத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை மட்டும் ஒருவர் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் சாமி பெயரை நம்பி நிற்கும் இந்தியப் பதிவு, என் கணிப்பில், பலவீனமானது. பெயரோடு தனித்த ஒரு சொல்லோ சித்திரமோ சேர்ந்திருந்தால் கொஞ்சம் தெம்பு.

விழுந்த சர்வதேசப் பதிவை மூன்று மாதத்துக்குள் அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதற்குக் கிடைப்பது 2023ஆம் ஆண்டுத் தேதி. சிங்கப்பூர்ப் பதிவை ஏற்கெனவே கைவிட்டிருந்தால், 2016 திரும்பி வரும் என்று நம்பியிருக்க முடியாது. 2019 போட்டியாளர் முந்திக்கொள்வார்.

ஆகவே நம் வியாபாரிக்கு என் யோசனை இதுதான். சிங்கப்பூர்ப் பதிவின் பத்தாண்டு 2026இல் முடிகிறது. ஐந்தாண்டு ஆபத்துக் காலம் 2028இல்தான் தீர்கிறது. புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டிவிடட்டும். பழைய பதிவை விட்டுவிடலாமா என்ற கேள்வியை 2036இல் வைத்துக்கொள்ளலாம்.